இணையதளத்தின் பிழைப் பக்கத்தை வாசகருக்கு உதவும்படி அமைப்பது எப்படி?

கடலூரில் ஜவுளிக் கடை வைத்திருப்பதாகவும், இணையதளத்தைப் புதுப்பித்த பிறகு பழைய லிங்க்கில் வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒற்றை வரியும், கேட்ட பக்கம் இல்லை என்பதைக் குறிக்கும் 404 என்ற எண்ணும் மட்டுமே தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே அழகான படம் ஒன்று வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வையுங்கள், வைக்காமலும் இருங்கள். அது கடைசி வேலை.

நான் புதுச்சேரியில் விடுதிகளுக்கும் சிறு கடைகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறேன். ஒரு விடுதிக்காரர் தம் பிழைப் பக்கத்தில் மீனவர் வெறும் வலையை இழுக்கும் ஓவியத்தைப் போட்டு, "அடடா, வலையில் எதுவும் சிக்கவில்லை!" என்று எழுதச் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொள்பவர் யார்? சனிக்கிழமை காலை பஸ் நிலையத்தில் பையோடு இறங்கி, நண்பர் எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கைத் தட்டி, அறை கிடைக்குமா என்று பார்ப்பவர். சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. இப்போது அங்கே இருக்கும் வாசகம் இது: "நீங்கள் திறந்த பக்கம் இந்தத் தளத்தில் இல்லை. அறைகளையும் வாடகையையும் இங்கே பார்க்கலாம். இன்றே அறை வேண்டுமென்றால் வரவேற்பறையை அழையுங்கள்." கீழே, தொட்டால் அழைப்புப் போகும் எண். மீனவர் மூலையில் சிறியதாக இன்னும் நிற்கிறார், விடுதிக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை.

404 என்ற எண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டத் தேவையில்லை. ஆனால் தளத்தைச் சுமந்திருக்கும் கணினியான சர்வர் அனுப்பும் பதிலில் அது இருந்தே ஆக வேண்டும். கடலூர் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அது கப்பல்காரர்களுக்கான குறி. கூடவே 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற அறிவிப்பும் வந்தால்தான் ஊருக்குப் பயன். இங்கேயும் எண் தேடுபொறிக்கு, வாக்கியம் மனிதருக்கு. (கூண்டு வரிசையில் கடைசியான 11-ம் எண்ணுக்கு, வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். துறைமுகத்துக்கும் ஒரு பிழைப் பக்கம் இருக்கிறது!)

பல தளங்களில் திரையில் 'பக்கம் இல்லை' என்று வரும். உள்ளே சர்வரோ எல்லாம் சரி என்று பொருள்படும் 200-ஐ அனுப்பிக்கொண்டிருக்கும். கூகுள் இதை மென் 404 என்று குறித்துக்கொள்ளும். அப்பாச்சி சர்வரில் 'எரர் டாக்குமென்ட்' கட்டளைக்குப் பிழைப் பக்கத்தின் முழு இணைய முகவரியைக் கொடுத்தால், வாசகர் வேறு முகவரிக்குத் திருப்பப்படுவார், 404 தொலைந்துபோகும். சாய்கோட்டில் (/) தொடங்கும் உள்முகவரியை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் உள்ள படங்கள், வடிவமைப்புக் கோப்பு ஆகியவற்றின் முகவரிகளும் அப்படியே தொடங்கட்டும். இல்லாவிட்டால் முகப்புக்கு அருகில் ஒழுங்காகத் தெரிகிற பக்கம், இரண்டு மூன்று அடுக்கு உள்ளே போய்த் தவறினால் வண்ணமும் வடிவமும் இல்லாமல் வந்து நிற்கும்.

உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்தைப் பார்க்கவே கூடாது. பழைய பட்டுப்புடவைப் பக்கத்துக்குப் புதிய முகவரி இருந்தால், நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் 301 போட்டு நேரே அங்கு அனுப்புங்கள். எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்கே திருப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புடவையைத் தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பார். விற்பனையை அடியோடு நிறுத்திவிட்ட பொருளுக்கு, பக்கம் நிரந்தரமாகப் போய்விட்டது என்று சொல்லும் 410 போதும்.

தமிழில் முகவரி வைத்திருந்தால் தனித் தலைவலி. ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். 'கடலூர்' என்ற ஒரு சொல்லுக்கே (க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு குறிகள்) 54. அவ்வளவு நீளமான முகவரி, செய்தியில் ஒட்டும்போது பாதியில் அறுந்து போவதுண்டு. 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகத் தட்டியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுதான், சர்வருக்கு வேறு முகவரி. 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ள இரண்டையும் தட்டுகிறவர்களும் உண்டு. முதல் சிக்கலை, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் தரமான யூனிகோடின் சீராக்கும் முறை தீர்த்துவிடும்; இரண்டாவதற்கு நீங்களே விதி எழுத வேண்டும். பிழைப் பக்கத்தில் தேடல் பெட்டி வைத்தால் அதற்கும் இந்தப் பொறுமை தேவை. எங்கள் ஊர் 2006-லேயே அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆகிவிட்டது; இன்றும் பாண்டிச்சேரி என்று தட்டுகிறவர்கள் ஏராளம். இரண்டுக்கும் ஒரே விடை வர வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது பணம் கட்டும் இடத்தில் வரும் பிழை. "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று எழுதுபவரை என்னால் மன்னிக்க முடியாது. வாசகர் சொன்னபடி முயன்றால் பணம் இரண்டு முறை போகலாம். கணக்கில் பணம் கழிந்ததா என்று தெரிந்தால் அதை முதல் வரியில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அதையும் நேராகச் சொல்லுங்கள்: "வங்கியின் பதில் இன்னும் வரவில்லை. மறுபடி பணம் கட்ட வேண்டாம். உங்கள் ஆர்டர் எண் இது. முடிவு தெரிந்ததும் குறுஞ்செய்தி அனுப்புகிறோம்." சொன்னபடி அனுப்பவும் வேண்டும். அவர் மெனக்கெட்டு நிரப்பிய வீட்டு முகவரியைப் படிவத்திலிருந்து அழித்துவிடாதீர்கள்.

சர்வர் பக்கமே பழுதாகும்போது வரும் 500 வகைப் பிழைக்கான பக்கம் தரவுத்தளத்தை நம்பாத தனிக் கோப்பாக இருக்கட்டும். பழுதானதே தரவுத்தளமாக இருக்கலாம். அட்டவணைப் பெயர், கோப்பின் பாதை போன்ற உள்விவரங்கள் எதுவும் வெளியே தெரியக்கூடாது. 2011 டிசம்பரில் 'தானே', 2024 நவம்பர் இறுதியில் 'ஃபெஞ்சல்' என்று நம் கரைக்குப் புயல் புதிதல்ல. கடையில் மின்சாரமின்றி, தளத்தை நீங்களே நிறுத்திவைக்கும் நாளுக்கு, தளம் தற்காலிகமாக இயங்கவில்லை என்று சொல்லும் ஒரு 503 பக்கத்தை இப்போதே எழுதி வையுங்கள்: ஏற்கெனவே கொடுத்த ஆர்டர் என்ன ஆகும், எப்போது திரும்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதைத் தேடுபொறிக்குச் சொல்ல 'ரீட்ரை ஆஃப்டர்' என்ற தலைப்புவரி இருக்கிறது.

பிறகு வாரம் ஒரு முறை சர்வர் பதிவேட்டில் 404 வரிகளைப் பாருங்கள். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் நுழைவுப் பக்கத்தைத் துழாவும் தானியங்கிகள் நிறைய இருக்கும், அவற்றைத் தள்ளிவிடுங்கள். வந்தவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பல வரிகளில் இருக்கும். உங்கள் தளத்திலிருந்தே வந்திருந்தால் லிங்க்கை அன்றே திருத்துங்கள். வெளித்தளத்திலிருந்து என்றால் அவர்களுக்கு எழுதிக் காத்திருக்காமல் 301 போட்டுவிடுங்கள்.