ஏர்கோனில் ‘கொளக் கொளக்’ சத்தம்: கேஸ் ஏற்ற வேண்டுமா?

கேள்வி: செந்தூலில் காண்டோ வீடு. அறையில் 1.5 எச்பி இன்வெர்ட்டர் ஏர்கோன். இரவு சமைக்கும் நேரத்தில் ‘கொளக் கொளக்’ என்று சத்தம் வருகிறது. நடுராத்திரியில் ‘டப் டப்’. பார்க்க வந்தவர் கேஸ் குறைந்துவிட்டது, டாப் அப் செய்யலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்:

இப்போதைக்கு வேண்டாம். அறை குளிர்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. குளிராமல் போயிருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்பதால், குளிர்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசியும் இடத்தைக் காட்டாமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவருக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு சத்தம், இரண்டு காரணம். சமைக்கும் நேரத்தில் என்று நீங்களே எழுதியிருப்பதில் முதல் சத்தத்துக்கான விடை இருக்கிறது. சன்னல், கதவு எல்லாம் சாத்திய வீட்டில் அடுப்புக்கு மேலிருக்கும் புகை இழுக்கும் ஹூட் ஓடினால், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் வழி ஏர்கோனின் தண்ணீர்க் குழாய். குழாயில் நிற்கும் தண்ணீரைக் கிளறிக்கொண்டு காற்று மேலே ஏறுவதுதான் ‘கொளக் கொளக்’. சத்தம் வரும்போது ஒரு சன்னலை நான்கு விரல் அகலம் திறந்து பாருங்கள். நின்றுவிட்டால் சந்தேகமே இல்லை. ஹூட் ஓடும்போது சன்னலைத் திறந்து வைத்தாலே போதும். அல்லது தண்ணீரை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத சிறிய வால்வு ஒன்றைக் குழாயில் பொருத்தச் சொல்லுங்கள்.

சன்னல் திறந்தும் நிற்கவில்லையென்றால் குழாயின் வெளி முனையைப் பாருங்கள். செடிக்கு ஊற்றலாம் என்று பலர் அதை வாளிக்குள் விட்டிருப்பார்கள். வாளி நிறைந்து முனை தண்ணீருக்குள் மூழ்கினாலும் இதே சத்தம்தான். குழாய் நடுவில் தொங்கி வளைந்திருந்தாலும் அங்கே தண்ணீர் தேங்கும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். உள்ளே வழவழவென்று அழுக்கு அடைத்திருந்தால், தண்ணீர் உறிஞ்சும் வேக்கம் கிளீனரை வெளி முனையில் வைத்து இழுத்தால் வந்துவிடும்.

அடுத்தது ‘டப் டப்’. ஏர்கோனை ஃபேன் மோடில் மட்டும் போடுங்கள். அப்போது கம்ப்ரசர் ஓடாது, உள்ளே ப்ளோவர் (அறைக்குள் காற்றைத் தள்ளும் உருளை) மட்டும் சுற்றும். சத்தம் அப்போதும் வந்து, வேகத்தைக் கூட்டினால் அதுவும் வேகமாக வந்தால் கோளாறு ப்ளோவரில். கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இறக்கைகளில் அழுக்கு ஒரு பக்கமாகக் கட்டிக்கொண்டால் எடை கோணி அடிக்கும். பல்லி உள்ளே செத்துக் கிடப்பதும் உண்டு. சாமி மேடைக்குப் பக்கத்தில் ஏர்கோன் இருந்தால் விளக்குப் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் பிசினாகப் படியும், அதன்மேல் தூசு ஒட்டும். விளக்கேற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்றும் நேரத்தில் ஏர்கோனை அணைத்துவிட்டு, ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். ப்ளோவரில் அப்பியதை ஃபில்டர் கழுவித் தீர்க்க முடியாது, அதற்குக் கெமிக்கல் சர்வீஸ் வேண்டும். மருந்து அடித்தபின் அலசாமல் விட்டால் அலுமினியத் தகடுகள் அரித்துப்போகும், அதனால் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசச் சொல்லுங்கள்.

சர்வீஸ் செய்த அன்றே புதிதாகச் சத்தம் வந்தால், ப்ளோவரை மோட்டார்த் தண்டோடு பிடிக்கும் திருகாணி இறுகவில்லை அல்லது மூடியின் கொக்கி சரியாக மாட்டவில்லை. செய்தவரையே கூப்பிடுங்கள். ‘கீச்’ என்று தொடர்ந்து வந்தால், மோட்டாருக்கு எதிர்முனையில் ப்ளோவரைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். எண்ணெய் அடித்தால் சில நாள் அடங்கும்; பிறகு ரப்பர் உப்பி, தூசு சேர்ந்து முன்பைவிட மோசமாகும். புஷ்ஷை மாற்றுவதுதான் சரி.

ஃபேன் மோடில் அமைதியாக இருந்து, குளிரும்போது மட்டும் அறைச் சுவர் ‘ம்ம்’ என்று அதிர்ந்தால் வெளி யூனிட்டைப் பார்க்க வேண்டும். பிராக்கெட் போல்ட், அடியில் இருக்கும் ரப்பர், சுவரில் உரசும் செம்புக் குழாய், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். நீங்களே எட்டிப் பார்க்காதீர்கள். இந்த ஊரில் கட்டுகிறவர்கள் மூன்று யூனிட்டை வெளிச்சுவரில் ஒரு சின்ன லெட்ஜில் (நீட்டிய திட்டில்) அடுக்கி, முன்னால் அழகுக்குக் கம்பித் தடுப்பும் வைத்துவிடுகிறார்கள். வெளியே போக வேண்டிய சூடு திரும்பி யூனிட்டுக்குள்ளேயே வருகிறது, ஃபேனும் கம்ப்ரசரும் ஓயாமல் இரைகின்றன. ஆள் நின்று ஸ்பேனர் திருப்ப இடமில்லை. வேலைக்காரன் உயிரைப் பணயம் வைத்துத் தொங்குகிறான். வீட்டுச் சாவி வாங்கும்போது ஓடு விரிசலைப் பார்க்கிறோம், லெட்ஜை யாரும் பார்ப்பதில்லை.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் வேறு அடையாளங்கள் உண்டு. குளிர் குறையும், ‘ஸ்ஸ்’ சத்தம் மணிக்கணக்கில் நீளும், வெளி யூனிட்டில் மெல்லிய குழாய் பனி பிடிக்கும். ஃபில்டர் அடைத்தாலும் உள்ளே பனி கட்டும், அதனால் முதலில் ஃபில்டர். அணைத்தபின் சில நிமிடம் கேட்கும் ‘ஸ்ஸ்’ஸும், போட்டதும் பிளாஸ்டிக் சுருங்கி ‘டிக்’ என்பதும் பயப்பட வேண்டியவை அல்ல.

தொழில் செய்கிற அண்ணன்மார் கோபிக்க வேண்டாம். எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்வெர்ட்டரில் கம்ப்ரசரின் வேகம் மாற மாற அழுத்தமும் மாறும். மீட்டரை ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்து ‘கேஸ் குறைவு’ என்பது நியாயமில்லை. செம்புக் குழாயை யூனிட்டோடு இணைக்கும் ஃபிளேர் நட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைக் காட்டுங்கள், அதை அடைத்துவிடுங்கள், குழாயிலுள்ள காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்பை, உள்ளே அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே போகும்வரை ஓட்டுங்கள், வெளி யூனிட் லேபிளில் எழுதியிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசு வைத்து ஏற்றுங்கள். கேஸ் ஆர்410ஏ வகை ஆனாலும் ஆர்32 வகை ஆனாலும் இதுதான் முறை. ஆர்32 தீப்பற்றக்கூடியது என்பதால் பக்கத்தில் சிகரெட் கூடாது.

கருகல் வாடை, இரும்பு உரசும் சத்தம், அடிக்கடி விழும் பிரேக்கர், இவற்றில் எது வந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டர் போர்டின் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், அணைத்துப் பத்து நிமிடமாவது ஆகாமல் மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள். வருகிறவரிடம் வாயால் சத்தத்தை விளக்குவதைவிட, ஃபேன் மோடில் ஒன்று, குளிரும்போது ஒன்று, ஹூட் ஓடும்போது ஒன்று என்று போனில் பதிவு செய்து, மாடல் எண்ணோடு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.