மூன்று பேரில் யார் கோச்?

கேள்வி: ஐயா, மதுரை அரசரடிப் பக்கம் எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு கால்பந்து கிளப் இருக்கிறது. நான் ஆடியவன் அல்ல. சந்தா கட்டிவிட்டுக் கோட்டோரம் நின்று கத்துகிறவன். இருபது வருடங்களுக்கு மேலாகப் பையன்களுக்குப் பயிற்சி தந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் மூட்டுவலியால் விலகுகிறார். மூன்று பெயர்கள் அடிபடுகின்றன. ஒருவர் எங்கள் கிளப்பிலிருந்தே போய், மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியவர். இரண்டாமவர் திண்டுக்கல் இளைஞர், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) ‘சி’ பயிற்சியாளர் லைசென்ஸ் வைத்திருக்கிறார். மூன்றாமவர் பழைய கோச்சுக்குப் பன்னிரண்டு வருடங்களாக உதவியாளர், சான்றிதழ் எதுவும் இல்லை. செயலாளர் ரசிகர்களின் கருத்தையும் கேட்டிருக்கிறார். டீக்கடையில் பேச்சு முற்றி, பழைய நண்பர்கள் இருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் யாரைச் சொல்வது?
பெயர் வேண்டாம், அரசரடி, மதுரை.

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம், இடமில்லாததால் சுருக்கிவிட்டேன். இரண்டு பக்கம் முழுக்க சந்தோஷ் டிராபிக்காரர் அடித்த கோல்கள். ஒரு பக்கம் லைசென்ஸ் பெரிதா அனுபவம் பெரிதா என்ற வழக்கு. உதவியாளருக்கு நான்கு வரி. இப்போது அந்த மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பையன்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எத்தனை பேர், என்ன வயது, போன லீக்கில் எதனால் தோற்றார்கள், எதுவுமே இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் ரசிகர்கள் இப்படித்தான். பெயர்களைப் பேசுவதில் இருக்கும் சுகம் வேறு எதிலும் கிடையாது.

வருகிறவர்களை எடைபோடும் முன்பு, போகிறவர் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போய் நில்லுங்கள். பந்து மூட்டையின் பூட்டுச்சாவி யாரிடம் இருக்கிறது? காற்றடிக்கும் ஊசி யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது? பத்தாம் வகுப்புப் பையனை அவன் அப்பா “படிப்பு கெடுகிறது” என்று நிறுத்தினால், வீடு தேடிப் போய்ப் பேசுவது யார்? பூட்ஸ் வாய்பிளந்தவனுக்கு வேறு ஜோடி எங்கிருந்து வருகிறது? அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் குறைந்தால் யார் கையிலிருந்து போகிறது? இவற்றில் பாதியை உங்கள் கோச்சும் மீதியை அந்த உதவியாளரும் செய்துகொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆள் மாறும்போது முதலில் காணாமல் போவது இவைதான். அணி தோற்கத் தொடங்கிய பிறகுதான் நமக்கு அது தெரியவரும்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் நடந்ததைப் பாருங்கள். 1986 முதல் 2013 வரை அங்கே கோச் அலெக்ஸ் ஃபெர்குசன். அவரே கைகாட்டிய டேவிட் மோயஸ், எவர்டன் கிளப்பில் 11 ஆண்டுகள் நிலைத்து நின்றவர், ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்தார். வந்த கையோடு பழைய உதவியாளர்கள் மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் ஆகியோரை விடுவித்துத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். அதே கோடையில் நிர்வாகத்தை நடத்திய டேவிட் கில்லும் விலகியிருந்தார். அந்த வீட்டை நடத்திய கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே போயின. பத்து மாதத்தில், 2014 ஏப்ரலில், மோயஸும் போய்விட்டார். அவர் திறமையில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை.

அப்படியென்றால் உதவியாளரையே கோச் ஆக்கிவிடலாமே என்பீர்கள். அதற்கும் சாட்சி இருக்கிறது. 1974-ல் பில் ஷாங்க்லி லிவர்பூலை விட்டு விலகியபோது, அதே கிளப்பில் வீரராக, உடற்பயிற்சி மருத்துவ உதவியாளராக, துணைப் பயிற்சியாளராக இருந்த பாப் பெய்ஸ்லி அரைமனதோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது ஆண்டுகளில் ஆறு லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். ஆனால் ஃபெர்குசனின் வலக்கையாக இருந்த பிரையன் கிட், 1998 டிசம்பரில் பிளாக்பர்ன் அணிக்குக் கோச்சாகப் போனார். 1995-ல் சாம்பியனாக இருந்த அந்த அணி அந்த சீசனிலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அருமையான இரண்டாமவர்கள் எல்லாரும் முதலாமவர் ஆகிவிட முடியாது. உங்கள் உதவியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிளப் தலைவரின் அக்கா மகன் சரியாக ஆடாவிட்டால் அவனைப் பெஞ்சில் உட்கார வைப்பாயா? அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

சந்தோஷ் டிராபிக்காரர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லித்தருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தியரி ஹென்றி பிரான்ஸுக்காக உலகக் கோப்பை வென்றவர். மொனாக்கோவில் கோச்சாக 2018 அக்டோபரில் சேர்ந்து, 2019 ஜனவரியில் நீக்கப்பட்டார். குவார்டியோலாவும் ஜிதேனும் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லையா என்று உங்கள் டீக்கடையில் யாராவது கேட்பார்கள். உண்மைதான். ஆனால் குவார்டியோலா முதலில் பார்சிலோனாவின் ‘பி’ அணியையும், ஜிதேன் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டியாவையும் பயிற்றுவித்த பிறகே மேலே வந்தார்கள். உங்கள் நட்சத்திரம் இதுவரை எந்தப் பள்ளி அணியையாவது ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பரிசளிப்பு விழாவுக்கு அழையுங்கள், மகிழ்ச்சியாக வருவார்.

திண்டுக்கல் இளைஞரின் லைசென்ஸைக் காகிதம் என்று உங்கள் நண்பர் சொன்னாராம். ‘டி’ முடித்து, அதற்கு மேல் ‘சி’ வாங்கியிருக்கிறார் என்றால் வகுப்பில் உட்கார்ந்து, மைதானத்தில் பயிற்சி நடத்திக் காட்டி, தேர்வாளர் முன் தேறியிருக்கிறார். அது போதுமா என்றால், போதாது. அவரை அழைத்து ஒரு மணி நேரம் பயிற்சி நடத்தச் சொல்லுங்கள். நீங்களும் நண்பர்களும் பேசாமல் பாருங்கள். இருபது பையன்கள் வரிசையில் நிற்க, ஒருவன் மட்டும் கோலை நோக்கி அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகிறான் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவனுக்கும் பந்து கிடைப்பது சில நிமிடங்கள்தான். நாலுக்கு நாலு என்று பிரித்துச் சின்னக் களத்தில் ஆடவிட்டால் எல்லார் காலிலும் பந்து படும். அடுத்து, தவறாகப் பாஸ் கொடுத்தவனிடம் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். “டேய், கண்ணு தெரியவில்லையா?” என்றால் ஒரு மதிப்பெண் குறையுங்கள். ஆட்டத்தை நிறுத்தி, அவனை அதே இடத்தில் நிற்கவைத்து, வேறு எங்கே கொடுத்திருக்கலாம் என்று அவனிடமே கேட்டால் அந்த ஆளை விடாதீர்கள்.

கையில் இருந்த கொஞ்சத்தை வைத்து ஒருவர் என்ன செய்தார் என்பதுதான் நான் நம்பும் அளவுகோல். 2025-ல் இந்திய அணிக்குக் கோச் தேடியபோது 170 விண்ணப்பங்கள் வந்தன. குவார்டியோலா பெயரிலும் பார்சிலோனாவின் முன்னாள் வீரர் சாவி ஹெர்னாண்டஸ் பெயரிலும்கூட மின்னஞ்சல் வந்து, பிறகு இரண்டும் போலி என்று கால்பந்து சம்மேளனமே சொன்னது. (உங்கள் டீக்கடையில் யாரோ அனுப்பியிருக்கலாம்.) கடைசியில் தேர்வானவர் காலித் ஜமீல். வசதி குறைந்த மும்பை எஃப்சியைப் பல ஆண்டுகள் முதல் பிரிவில் தாக்குப்பிடிக்க வைத்தவர். 2017-ல் மிசோரமின் சின்னஞ்சிறு ஐசால் அணியைத் தேசிய அளவிலான ஐ-லீக்கில் சாம்பியன் ஆக்கியவர். அணி சிறியது, சாதனை பெரியது.

ஆகவே என் ஓட்டு திண்டுக்கல் இளைஞருக்கு, இரண்டு நிபந்தனைகளுடன். உதவியாளர் கூடவே இருக்க வேண்டும், சும்மா அல்ல, மாதச் சம்பளத்தோடு. அவர் ‘டி’ லைசென்ஸ் படிக்கக் கிளப் பணம் கட்ட வேண்டும். இரண்டாவது, பயணம். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு அந்த இளைஞர் நான்கு மணிக்கே திண்டுக்கல்லில் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்க வேண்டும். இரண்டு மாதம் உற்சாகமாக வருவார், ஐப்பசி மழையில் நின்றுவிடுவார். பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள், அல்லது பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள். பணம் எங்கே என்று செயலாளர் கேட்பார். சந்தாவை உயர்த்த நீங்கள் சம்மதிப்பீர்களா என்பதுதான் ரசிகர்களிடம் அவர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி.

இன்னொன்று: மூன்று பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை. மதுரையின் சேது எஃப்சி 2019-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தது. பக்கத்திலேயே இருந்தும் தேடிப் பார்த்தீர்களா?

நண்பர்கள் சண்டைக்கு மருந்து சுலபம். 2015-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் அணி கிளாடியோ ரானியரியைக் கோச்சாக நியமித்தபோது, அந்த ஊரிலேயே பிறந்த முன்னாள் வீரர், தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேரி லினேக்கர் “ரானியரியா? நிஜமாகவா?” என்று சலித்துக்கொண்டார். லெஸ்டர் பட்டம் வென்றால் ஜட்டியோடு தொலைக்காட்சியில் தோன்றுவேன் என்று பின்னர் வாக்கும் கொடுத்தார். 5000-க்கு 1 என்று பந்தயம் கட்டப்பட்ட அணி பட்டம் வென்றது, அவரும் தோன்றினார். உங்கள் நண்பர்களிடம் அவ்வளவு கேட்க வேண்டாம். தோற்றவர் ஒரு வருடத்துக்கு டீக்கணக்கைக் கட்டட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பழைய கோச் வீட்டில் உட்காரமாட்டார். ஷாங்க்லி ஓய்வுபெற்ற பிறகும் மெல்வுட் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார். வீரர்கள் அவரைத்தான் ‘பாஸ்’ (முதலாளி) என்று அழைத்தார்கள், பெய்ஸ்லிக்கு அது தர்மசங்கடம். உங்கள் ஆசிரியரும் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பையன்கள் பந்தை விட்டுவிட்டு அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களை வேறு நேரத்துக்கு மாற்றி அவரிடம் ஒப்படையுங்கள், உட்கார்ந்தபடியே சொல்லித்தரலாம். முதல் மூன்று மாதம் பெரியவர்கள் பயிற்சி நேரத்தில் வர வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். செயலாளர் சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்கும். இத்தனை வருடம் கோட்டோரம் நின்ற நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.