பற்றறி லைற் எரிந்தால் முதலில் மீற்றரை எடுங்கள்

தம்பி, கல்முனையிலிருந்து வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கிறீர்கள், இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பழைய ஹொண்டா சிவிக் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், அது இரண்டு தரம் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரிலிருந்து கேபிள் பூட்டிப் பூஸ்ற் கொடுத்துத்தான் எடுத்தீர்கள், இப்போது ஓடும்போது சிவப்புப் பற்றறிப் படமும் எரிகிறது. கராஜில் பற்றறி, அல்டர்நேற்றர் (என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கிப் பற்றறியைச் சார்ஜ் செய்வது) இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டி வரலாம். ஆனால் அளந்து பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நான் மட்டக்களப்பில் வாகன வயரிங் வேலை பழகி, இங்கே லைசன்ஸ் எடுத்து அதே வேலைதான் செய்கிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு லைற்றின் பெயரைப் பார்த்துவிட்டு எல்லோரும் பற்றறியைத்தான் மாற்றுகிறார்கள். அது எரிந்தால் பற்றறி பழுது என்று அர்த்தமில்லை, என்ஜின் ஓடும்போது பற்றறிக்குச் சார்ஜ் சரியாகப் போகவில்லை என்றுதான் அர்த்தம். காரணம் அல்டர்நேற்றராக இருக்கலாம், அதைச் சுற்றவைக்கும் பெல்ற்றாக இருக்கலாம், ஒரு துருப்பிடித்த வயராகவும் இருக்கலாம். புதுப் பற்றறி போட்டால் அதில் ஏற்கனவே சார்ஜ் இருப்பதால் கார் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், பிறகு ஒரு நாள் நடு ரோட்டில் நிற்கும்.

கனேடியன் டயர் மாதிரிக் கடையில் சாதாரண டிஜிற்றல் மல்டிமீற்றர் ஒன்று வாங்குங்கள், விலை குறைந்ததே போதும். டிசி 20 வோல்ற்றில் வைத்து, சிவப்பு முனையைப் பற்றறியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸ்ஸிலும் பிடியுங்கள். முதல் அளவு, இரவு முழுக்க நின்ற காரில், கதவைத் திறந்து லைற்றுகளை எரியவிடாமல், காலையில் எடுப்பது. 12.6 இருந்தால் நிறைந்த பற்றறி, 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இரண்டாவது, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பார்ப்பது. நிறைந்த பற்றறி 9.6க்குக் கீழே விழக்கூடாது. 12.6 காட்டிவிட்டு, சாவி திருப்பியதும் 8க்கு இறங்குகிறதென்றால் பெரும்பாலும் பற்றறிதான் முடிந்துவிட்டது. கடுங்குளிர் காலையில் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம், என்ஜின் ஓடும்போது அளப்பது. 13.7 முதல் 14.7 வரை இருந்தால் நல்லது. என்ஜின் ஓடியும் 12.3, 12.1 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் போகவில்லை. 15ஐத் தாண்டினால் பெரும்பாலும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது, அது பற்றறியைக் கொதிக்கவைத்துவிடும், அப்படியே ஓட்டாதீர்கள். உங்களிடம் இருப்பது ஹொண்டா என்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: பல ஹொண்டாக்களில் மின்சுமை குறைவாக இருக்கும்போது கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்து 12.4, 12.9 என்று வைத்திருக்கும், எரிபொருள் மிச்சம் பிடிக்க. அதைப் பார்த்துவிட்டு நல்ல அல்டர்நேற்றரைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஹெட்லைற், ஹீற்றர் ஃபேன், பின் கண்ணாடி ஹீற்றர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். அப்போது 13.7க்கு மேல் ஏறினால் அல்டர்நேற்றர் வேலை செய்கிறது.

ஏறவில்லையா, உடனே அல்டர்நேற்றர்தான் என்று முடிவெடுக்க வேண்டாம். என்ஜினை நிறுத்திவிட்டு பெல்ற்றைப் பாருங்கள், வெடிப்பு, பளபளப்பு, தொய்வு ஏதும் இருக்கிறதா என்று. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ற் வழுக்குகிறது. அல்டர்நேற்றரின் பின்னால் போகும் பிளக் இறுக்கமாக இருக்கிறதா, பெரிய மெயின் ஃபியூஸ் எரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு எர்த் வயர், அதாவது பற்றறியின் மைனஸ்ஸைக் காரின் உடம்போடும் என்ஜினோடும் இணைக்கும் வயர். இங்கே பனிக்கு ரோட்டில் உப்புப் போடுவார்கள், அது கல்லடிக் கடலோர வீடுகளில் உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்பது மாதிரி, காரின் அடியில் இருக்கும் எர்த் இணைப்புகளைத் தின்றுவிடும். சோதிப்பது லேசு. என்ஜினை ஓடவிட்டு, லைற்றுகளைப் போட்டு, ஒரு முனையைப் பற்றறியின் மைனஸ்ஸிலும் மறு முனையை அல்டர்நேற்றரின் உடம்பிலும் வையுங்கள், கை, சட்டை, மஃப்ளர் எதுவும் பெல்ற் பக்கம் போகாமல். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. வயரைத் துப்புரவாக்கி இறுக்கினாலே சரியாகிவிடக்கூடிய வேலைக்கு ஆட்கள் பல நூறு டாலர் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறெரியும்.

ஊரில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் கண்டிருப்பீர்கள். என்ஜின் ஓடும்போதே பற்றறித் தலையைக் கழற்றிப் பார்ப்பார்கள், என்ஜின் நிற்காவிட்டால் சார்ஜ் இருக்கிறது என்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத பழைய லொறிக்கு அது ஓடியது. தயவுசெய்து இந்தக் காரில் செய்யாதீர்கள் மனே. ஓடும் அல்டர்நேற்றரிலிருந்து பற்றறியைத் திடீரென்று பிரித்தால் வோல்ற்றேஜ் ஒரே பாய்ச்சலாக ஏறி, அல்டர்நேற்றருக்குள் இருக்கும் டயோட்டையும் காரின் கம்ப்யூட்டர்களையும் எரித்துவிடலாம்.

இன்னொரு வித்தியாசம். அக்கரைப்பற்றிலோ மட்டக்களப்பிலோ அல்டர்நேற்றரைக் கழற்றிக் கொண்டுபோனால், பாஸ் அதைத் திறந்து பிரஷ் மாற்றி, டயோட் மாற்றித் திரும்பப் பூட்டித் தருவார். இங்கே கூலி அதிகம் என்பதால் முழுதாகவே மாற்றுவார்கள், அதற்காக அவர்களைத் திருடர் என்று சொல்ல முடியாது. திருத்திப் புதுப்பித்த அல்டர்நேற்றர் கிடைக்கும், விலை குறைவு, பழையதைக் கொடுத்தால் அதற்காகக் கட்டிய முற்பணமும் திரும்பி வரும்.

பற்றறி விஷயத்தில் நம் ஆட்கள் தடுமாறுவது குளிரில்தான். பற்றறியை உள்ளே கெடுப்பது பெரும்பாலும் கோடை வெயில், அதைக் காட்டிக்கொடுப்பது குளிர். மைனஸ் 18 பாகையில் பற்றறியின் பலம் ஏறக்குறைய பாதிதான், அதே நேரம் ஒயில் தடித்து என்ஜினைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும். பற்றறியில் சிசிஏ என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும், அது அந்த மைனஸ் 18இல் 30 செக்கனுக்குத் தரக்கூடிய அம்பியர், வாங்கும்போது உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். வேலைக்குப் பத்து நிமிட ஓட்டம்தான் என்று எழுதியிருந்தீர்கள். ஹீற்றரும் லைற்றும் போட்டுக்கொண்டு அந்தத் தூரம் ஓடினால், ஸ்டார்ட் பண்ணச் செலவான சார்ஜ்கூடத் திரும்பி வராமல் போகலாம். பழுதைத் திருத்தி லைற் அணைந்த பிறகு, வார இறுதியில் நெடுஞ்சாலையில் அரை மணி, முக்கால் மணி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சார்ஜர் ஒன்று வாங்கி இரவில் போடுங்கள். பேஸ்மென்ற்றுக்குள் கொண்டுபோய் மூடிய அறையில் போட வேண்டாம், சார்ஜ் ஏறும்போது வெடிக்கக்கூடிய வாயு வரும். பூஸ்ற் கொடுத்து எடுத்த பற்றறியை அல்டர்நேற்றரே நிரப்பட்டும் என்று விடுவதும் நல்லதல்ல, காலியான பற்றறியை நிரப்ப அது முழுப்பலத்தில் ஓடிச் சூடாகிக் கெட்டுப்போகலாம். இரண்டும் ஒன்றாகப் போவது பல நேரம் இப்படித்தான்.

பூஸ்ற் கொடுக்கும்போது சிவப்பை முதலில் உங்கள் பிளஸ்ஸில், பிறகு மற்றக் காரின் பிளஸ்ஸில், கறுப்பை அந்தக் காரின் மைனஸ்ஸில், கடைசி முனையை உங்கள் பற்றறியில் அல்ல, என்ஜினில் பெயின்ற் இல்லாத இரும்பில் பூட்டுங்கள். பற்றறி ஊதியிருந்தால் அல்லது உள்ளே உறைந்திருந்தால் தொடவே வேண்டாம், வெடிக்கும். நிறைந்த பற்றறி மைனஸ் 50க்கும் கீழேதான் உறையும், காலியானது மைனஸ் 10க்கு முன்னரே உறைந்துவிடலாம்.

ஓடும்போது சார்ஜ் சரியாகக் காட்டியும் காலையில் மட்டும் காலி என்றால், நிறுத்திய காரில் ஏதோ களவாகக் கரண்ட் இழுக்கிறது. எல்லாம் அணைந்து அரை மணி கழிந்தபின் அப்படி இழுக்கும் கரண்ட் 50 மில்லி அம்பியருக்குள் இருக்க வேண்டும். முன்னைய சொந்தக்காரர் பூட்டிய ஸ்டீரியோவையும் அலாரத்தையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

கராஜுக்குத்தான் போக வேண்டி வந்தால், ஒன்ராறியோச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். அதைவிட 10 வீதத்துக்கு மேல் அவர்கள் கூட்டி வாங்க முடியாது. புதிய அல்லது புதுப்பித்த பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. நம்ம ஊர் ஆள்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள், நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார். சோதித்த அளவுகளையும் கேட்டு வாங்குங்கள்.

சனிக்கிழமை காலையில் அந்த மூன்று அளவையும் எடுத்து, காரின் ஆண்டையும் பற்றறியில் ஒட்டியிருக்கும் திகதியையும் சேர்த்து எழுதுங்கள், எதை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை லைற் எரியும் காரோடு நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.