பழைய வீடியோ கேம்களுக்குப் புதுக் கவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நிண்டெண்டோவின் பழைய கேம் கருவிகளான என்இஎஸ், எஸ்என்இஎஸ், என்64, கேம் பாய் ஆகியவற்றில் செருகும் கேம் கார்ட்ரிட்ஜ்கள் என்னிடம் பெட்டி இல்லாமல் வெறுமனே கிடக்கின்றன. டிவிடி கேஸ்களை மொத்தமாக வாங்கி, கவர் பிரிண்ட் போட்டு எல்லாவற்றையும் அடுக்கிவிடலாமா?

பதில்: கேம் பாய்க்கு மட்டும் வாங்குங்கள். வழக்கமான டிவிடி கேஸின் வெளித்தடிமனே 14 மி.மீ.தான். கேம் பாய் கார்ட்ரிட்ஜ் சுமார் 8 மி.மீ. என்பதால், வட்டு மாட்டும் நடுக் குமிழை வெட்டி எடுத்துவிட்டால் உள்ளே உட்கார்ந்துவிடும். மற்ற மூன்றும் ஏறக்குறைய 2 செ.மீ. தடிமன், கேஸ் மூடவே மூடாது. அவற்றுக்கென்றே யூனிவர்சல் கேம் கேஸ் என்ற பெயரில் தடிமனான கேஸ்கள் விற்கிறார்கள். வாங்கும் முன் உங்களிடம் உள்ள கார்ட்ரிட்ஜ் வகை அதில் பொருந்துமா என்று விற்பவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய நினைப்பது நல்ல காரியம். நிண்டெண்டோ இந்த கேம்களை அட்டைப்பெட்டியில்தான் விற்றது. பெட்டி கிழிந்தோ நசுங்கியோ குப்பைக்குப் போய், கார்ட்ரிட்ஜ் மட்டும் மிஞ்சியது. 1988இல் வந்த செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவிக்கான கேம்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் கேஸில் வந்ததால் இன்றும் பல கேஸோடு கிடைக்கின்றன. நிண்டெண்டோ கேம்களிலும் என்64 கார்ட்ரிட்ஜின் மேல் விளிம்பில் பெயர் லேபிள் கிடையாது. வரிசையாக நிறுத்தி வைத்தால் எது எந்த கேம் என்றே தெரியாது. முதுகில் பெயர் அச்சிட்ட ஒரு கேஸ் அதற்கு உண்மையிலேயே தேவை.

ஒன்று மட்டும்: கேஸ் கைக்கு வந்து, ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கவருக்கு ஆர்டர் கொடுங்கள். தடிமனான கேஸ்களில் முதுகின் அகலம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். இரண்டையும் ஒரே நாளில் வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: டிவிடி கேஸுக்கான கவர்களை இணையத்தில் ஒரு அச்சுக்கடையில் போட்டேன். வந்த கவர் சிறியதாக இருக்கிறது, மேலும் கீழும் இடைவெளி தெரிகிறது. படமும் மங்கல். கடைக்காரர், "நீங்கள் கொடுத்த ஃபைல்தான்" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் புகாரில் இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. சிறுத்துப்போனது அநேகமாக அவர் தவறு, மங்கல் அநேகமாக உங்கள் ஃபைலின் தவறு. இரண்டையும் கலந்து சண்டை போட்டால் இரண்டிலும் தோற்பீர்கள்.

முதலில் அளவு. டிவிடி கேஸின் கவர் 273 மி.மீ. அகலம், 183 மி.மீ. உயரம். முன்பக்கம் 129.5, முதுகு 14, பின்பக்கம் 129.5. இது ஏ4 தாளில் நன்றாகவே அடங்கும். ஆனால் அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்துவிட்டால், பிரிண்டர் தன் ஓரத்துக்கு இடம்விட்டு முழுப் பக்கத்தையும் சுருக்கிவிடும். 97 சதவீதம் ஆனாலே 183 மி.மீ. உயரம் சுமார் 177.5 ஆகிவிடும், அகலத்தில் 8 மி.மீ. போய்விடும். மடிப்புக்கோடு விலகி, முதுகில் இருக்க வேண்டிய பெயர் முன்பக்கம் எட்டிப் பார்க்கும்.

இப்போது கவரை மேசையில் விரித்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். உங்கள் ஃபைலின் அளவு 273க்கு 183 என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேருங்கள். இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் அது அச்சிட்டவர் சுருக்கியதுதான், வேறு விளக்கம் தேட வேண்டாம். மறு அச்சு அல்லது பணம் என்று கேளுங்கள். பல நாடுகளில், உங்களுக்கென்று தனியாகச் செய்த பொருளை மனம் மாறிவிட்டது என்று திருப்பித்தர முடியாது. அதைக் காட்டிக் கடைக்காரர் மறுக்கலாம். அந்த விதி குறையுள்ள பொருளுக்குப் பொருந்தாது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

மங்கல் விஷயத்தில் கணக்கு நேரானது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். இந்த அளவு கவருக்கு அது சுமார் 3224க்கு 2161 பிக்சல். நீங்கள் 800 பிக்சல் அகலப் படத்தை இறக்கிக் கொடுத்திருந்தால் அங்குலத்துக்கு 75 பிக்சல்கூட இல்லை. எந்த இயந்திரத்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. அச்சுக்கென்றே ஸ்கேன் செய்த கவர்களைத் தேடுங்கள். தி கவர் ப்ராஜெக்ட் என்ற ரசிகர் தொகுப்பு இதற்காகவே இருக்கிறது. நீங்களே ஸ்கேன் செய்வதானால் 600இல் செய்து 300க்கு இறக்குங்கள், ஸ்கேனரில் டீஸ்கிரீன் தேர்வை இயக்குங்கள். இல்லையென்றால் பழைய அச்சின் புள்ளிகளும் புதிய அச்சின் புள்ளிகளும் மோதி, அலையலையாகக் கோலம் விழும்.

அடுத்த முறை ஐம்பது கவர் போடும் முன் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு மாதிரிகூட அனுப்ப மறுக்கும் கடையில் மொத்தமாக ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே பிரிண்ட் எடுக்க என்ன தாள் வாங்குவது? லேசரில் எடுத்தேன், மடிப்பில் மை உதிர்ந்து வெள்ளைக்கோடு விழுகிறது.

பதில்: 120 முதல் 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை. சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் கேஸின் பிளாஸ்டிக் உறைக்குள் நெளியும். 200ஐத் தாண்டினால் விறைத்துக்கொண்டு கேஸைச் சரியாக மூட விடாது.

லேசரில் டோனர் தாளின் மேல் படலமாக உட்காருகிறது, உள்ளே இறங்குவதில்லை. அதனால்தான் மடிப்பில் உடைகிறது. மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை ஒட்டி உள்பக்கத்தில் ஒரு கோடு அழுத்தி இழுங்கள், பிறகு மெதுவாக மடியுங்கள். தாளின் இழை ஓடும் திசையும் முக்கியம். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, முதுகின் மடிப்பு அந்த வாக்கில் வரட்டும்.

தாள் வாங்கும்போது உறையின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளை லேசரில் விட்டால், அதன் மேல்பூச்சு சூட்டில் உருகி இயந்திரத்துக்குள் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. லேசருக்கான பளபளப்புத் தாளை இங்க்ஜெட்டில் விட்டால் மை காயாமல் கையோடு வரும்.

கேள்வி: கேஸுக்குள் கார்ட்ரிட்ஜ் ஆடுகிறது. ஸ்பாஞ்ச் ஒட்டலாம் என்றால் எந்தப் பசையும் பிடிக்கவில்லை.

பதில்: பிடிக்காது. இந்தக் கேஸ்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். சூப்பர் க்ளூகூட அதில் காய்ந்த தோல்போல உரிந்து வந்துவிடும். பசையே வேண்டாத வழி இருக்கிறது: கேஸின் உள்ளளவுக்கு, சுவரோடு சுவர் இறுகும்படி நுரைத்தட்டை வெட்டி, நடுவில் கார்ட்ரிட்ஜ் அளவுக்குப் பள்ளம் எடுங்கள்.

ஆனால் சாதாரண மெத்தை ஸ்பாஞ்சை வைக்காதீர்கள், தயவுசெய்து. அது பாலியூரித்தேன். ஆண்டுகள் போகப்போகப் பொடிந்து, பிசுபிசுத்து, தொட்டதில் எல்லாம் ஒட்டும். அமெரிக்காவில் விற்ற செகா சிடி, செகா சாட்டர்ன் கேம்களின் பெரிய கேஸ்களில் வட்டு ஆடாமல் இருக்க வைத்த நுரைக்கு இந்தக் கதிதான் ஆனது. அவற்றை வைத்திருப்பவர்கள் திறந்து பார்த்து, நுரையை இன்றே எடுத்துவிடுவது நல்லது. பாலிஎத்திலீன் நுரை என்று கேட்டு வாங்குங்கள், அது இப்படி அழுகுவதில்லை.

குமிழை வெட்டியிருந்தால் மிச்சமிருக்கும் முனையை உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவிப் பாருங்கள். விரலில் உறுத்தினால் அது லேபிளைக் கீறும். கார்ட்ரிட்ஜையோ அதன் மூல அட்டையையோ கேஸுக்காக ஒருபோதும் வெட்ட வேண்டாம். கேஸ் நாளை வேறு வாங்கலாம்.

கேள்வி: "பெட்டியோடு முழு செட், ஒரிஜினல்" என்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பெட்டி சந்தேகத்துக்கிடமாகப் புதிதாக இருக்கிறது. எப்படி உறுதி செய்வது?

பதில்: பத்து மடங்கோ அதற்கு மேலோ பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பெட்டியின் பின்னால் இருக்கும் பொடி எழுத்துகளைப் பாருங்கள். ஒரிஜினல் பெட்டிகளை அடித்த பழைய ஆஃப்செட் அச்சில் கறுப்பு எழுத்து தனித் தகட்டில் அச்சானது. அதனால் விளிம்பு கூர்மையாக, ஒரே கறுப்பாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த நகலில் அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளால் கட்டப்பட்டு ஓரம் கலங்கியிருக்கும். படப்பகுதியில் ஆஃப்செட்டின் புள்ளிகள் சின்னச் சின்னப் பூப்போல ஒழுங்காக அமையும், இங்க்ஜெட்டில் தூவிவிட்டதுபோலச் சிதறியிருக்கும்.

லென்ஸ் வழியே படம் எடுத்து, விளம்பரத்தில் 'ஒரிஜினல்' என்று எழுதியிருந்த பக்கத்தோடு சேர்த்து, பணம் செலுத்திய தளத்தில் உடனே புகார் கொடுங்கள். புகாருக்குக் காலக்கெடு உண்டு. கார்ட்ரிட்ஜ் ஒரிஜினல்தானே என்று விற்றவர் சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். பெட்டிக்கும் சேர்த்துத்தான் அந்த விலை கொடுத்தீர்கள்.

கேள்வி: நான் வடிவமைக்கும் கவர்களைப் பார்த்து நண்பர்கள் கேட்கிறார்கள். அச்சிட்டு விற்கலாமா?

பதில்: அட்டைப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டு, கேமின் பெயருக்கும் லோகோவுக்கும் வணிகமுத்திரை உரிமை உண்டு. சொந்த அலமாரிக்கு ஒன்று அச்சிடுவதையும் காசுக்கு விற்பதையும் பல நாடுகளில் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. படத்தை நீங்களே வரைந்திருந்தாலும் லோகோ உங்களுடையதாகிவிடாது. சில அச்சுக்கடைகள் லோகோவைப் பார்த்ததுமே ஆர்டரைத் திருப்பிவிடுவதும் இதனால்தான். அனுமதி இல்லாமல் விற்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

நண்பருக்குச் சும்மா கொடுப்பதாக இருந்தாலும், நிறுவனத்தின் தர முத்திரை, வயது மதிப்பீட்டுச் சின்னம், பார்கோடு மூன்றையும் எடுத்துவிடுங்கள். பின்பக்கத்தின் கீழ்விளிம்பில் 'மறுபதிப்பு' என்ற சொல்லையும் ஆண்டையும் படத்தோடு சேர்த்தே அச்சிடுங்கள். ஸ்டிக்கராக ஒட்டினால் அடுத்து வாங்குபவர் உரித்துவிடுவார்.