பரோட்டா, சப்பாத்தியை நிறுத்திவிட்டு சீலியாக் டெஸ்டுக்குப் போகலாமா?

வேண்டாம். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குவதுதான் சீலியாக். அந்தத் தாக்குதலில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் ரத்தப் பரிசோதனை தேடுகிறது. சாப்பாட்டை மாற்றினால் அது குறைந்துவிடும். மோட்டாரை அணைத்துவிட்டுக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கிற மாதிரி. குறைந்தது 6 வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்; ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சீலியாக்கோ கோதுமை அலர்ஜியோ இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அதற்கென்று தனி டெஸ்ட் கிடையாது.

சீலியாக் என்று உறுதியாகி கோதுமையை விட வேண்டி வந்தாலும், வடசென்னையில் இட்லி, ஆப்பம், மீன்குழம்புச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. பர்மா நூடுல்ஸான அத்தோவை விடுவதுதான் கஷ்டம்! அப்புறம், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், பாக்கெட்டைப் படியுங்கள்.

மைதாதான் கெடுதல், கோதுமை ரவை பரவாயில்லை என்பது தவறு; இரண்டிலும் குளூட்டன் உண்டு.