ஸ்போர்களை, அதாவது விதைபோலப் பரவும் நுண்துகள்களை, ஒரு பைக்குள் உண்டாக்கும் பூஞ்சைகளைப் பைப் பூஞ்சை என்கிறார்களே, அந்தப் ‘பை’யைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். ஆனால் அதற்கு மாட்டுச் சாணி வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோது, பாதி காய்ந்த சாணியைக் கொண்டுவரச் சொன்னார் எங்கள் ஆசிரியை. அகலமான கண்ணாடிப் பாட்டிலில் ஈரத்தாளை விரித்து, சாணியை வைத்து மூடி, ஜன்னலோரம் விட்டுவிட்டோம். முதல் சில நாள் வெள்ளை முடி மாதிரி முளைத்தது வேறு பூஞ்சைக் கூட்டம், அதை விடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் தட்டுகள் வந்தன. அதுதான் ஆஸ்கோபோலஸ் என்ற பைப் பூஞ்சை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், தட்டின்மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் முற்றிய ஒரு பையின் நுனி.

ஊசியால் ஒரு தட்டை எடுத்து, சொட்டுத் தண்ணீரில் நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். நீளமான கண்ணாடிப் பை, உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் எட்டு ஸ்போர்கள். ஏன் எட்டு? பைக்குள் இரண்டு உட்கருக்கள் ஒன்றுசேர்ந்து, குன்றல் பகுப்பில் (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் பிரிவில்) நான்காகி, இன்னொரு முறை பிரிந்து எட்டாகின்றன. ரொட்டி ஈஸ்ட்டும் இதே கூட்டம்தான், அது நான்கோடு நிறுத்திக்கொள்ளும்.

பை முற்றியதும் உள்ளே நீரழுத்தம் ஏறி, நுனியிலுள்ள மூடி திறந்து, ஸ்போர்கள் வெளிச்சத்தைப் பார்த்துப் பீய்ச்சப்படும். மறுநாள் பார்த்தால் பாட்டிலின் ஜன்னல் பக்கக் கண்ணாடியில் மட்டும் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது! வயல்வெளியில் என்றால் அது பக்கத்துப் புல்லில் போய் ஒட்டும், மாடு மேயும், குடலைத் தாண்டிச் சாணியில் மறுபடி முளைக்கும்.

இப்போது குழப்பமான பகுதி. பெயர் வைக்கப்பட்டிருக்கும் பைப் பூஞ்சை இனங்கள் 60,000க்கும் மேல். அவற்றில் நாம் தினமும் பார்ப்பவை பலவும் பையைக் காட்டுவதே இல்லை. எலுமிச்சையில் பச்சையாகப் படரும் பெனிசிலியம், வேர்க்கடலையில் நஞ்சு சேர்க்கும் ஆஸ்பர்ஜில்லஸ், நெல்லில் குலை நோய் தரும் பூஞ்சை, எல்லாமே பையில்லாமல் வெளியில் உண்டாகி உதிரும் ஸ்போர்த் தூளாலேயே பரவுகின்றன. பை தெரியாத பூஞ்சைகளை முன்பு ‘முழுமையற்றவை’ என்று தனிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அது பூஞ்சையின் குறை இல்லை, நம் பார்வையின் குறை. டிஎன்ஏ பார்த்த பிறகே பலவும் இந்தக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. பென்சிலின் தயாரிக்கும் இனத்தையே 2013இல்தான் ஆய்வகத்தில் இணைசேர்ந்து பை உண்டாக்க வைத்தார்கள்.

அப்புறம், சாணி வேண்டாம் என்பவர்கள் அஞ்சறைப்பெட்டியைத் திறக்கலாம். கல்பாசி ஒரு லைக்கன், பாசியும் பைப் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உடல். மேலே சாம்பல், அடியில் கறுப்பு. தண்ணீரில் நனைத்தால் உள்ளேயிருக்கும் பாசி பச்சையாகத் தெரியும். பொட்டலத்தில் பல இனங்கள் கலந்தே வரும். கிளறிப் பாருங்கள், சிலவற்றில் குட்டிக் கிண்ணங்கள் இருக்கும். பைகள் அந்தக் கிண்ணத்துக்குள்தான்.