படிவம் 2இல் செய்த தப்புக்கு இப்போது விருது இல்லையா?

பட்டர்வொர்த் அக்காவுக்கு வணக்கம். படிவம் 2இல் (இடைநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு) கழிவறையில் வேப்போடு (மின் சிகரெட்) பிடிபட்ட மகனுக்கு, படிவம் 5இல் சிறந்த விளையாட்டாளர் விருது கூடாது என்று ஓர் ஆசிரியர் தடுப்பதாக எழுதியிருந்தீர்கள். இடைநீக்கம் அப்போதே முடிந்த கதை. ஒரே தப்புக்கு எத்தனை தடவை தண்டனை?

நம்ம மலேசியப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யைப் பாருங்கள். 2014இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, உலகப் போட்டி வெள்ளியைப் பறிகொடுத்து, 8 மாதத் தடையும் அனுபவித்தார். (வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்று விசாரணைக் குழுவே சொன்னது, அது வேறு.) 2016 ரியோ ஒலிம்பிக்கில் மறுபடி வெள்ளி. 2023இல் உலகப் பூப்பந்துச் சம்மேளனம் புகழ் மண்டபத்திலும் சேர்த்துக்கொண்டது. பறிபோன பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

பையன் யாரையாவது அடித்து மிரட்டியிருந்தால் இப்படிப் பேசமாட்டேன். அடிபட்டவனும் அதே சபைகூடலில் உட்கார்ந்து கைதட்ட வேண்டுமே!

முதல்வரைப் பார்க்கும்போது சத்தம் போடாதீர்கள். விருது விதிமுறையைக் காட்டச் சொல்லுங்கள். நன்னடத்தையை எந்த ஆண்டிலிருந்து கணக்கில் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள், அவனே பேசட்டும்.

எது எப்படியானாலும் மாநில அளவில் ஓடிய சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியூவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு மதிப்பெண் இருக்கிறது.